தண்ணீர்மலை ஆற்றோரத்தில் ஒரு பிற்பகல்

பினாங்குத் தமிழரிடம் தண்ணீர்மலை என்ற பெயரைச் சொன்னவுடன் தைப்பூசமே நினைவுக்கு வரும். வெள்ளித் தேரும், காவடிகளும், தேங்காய் உடைபடும் ஓசையும், தண்ணீர்ப் பந்தல்களும் கண்முன் தோன்றும். ஆனால் அந்தப் பெயரில் உள்ள தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்களிலும் பலர் தயங்குவர். கோயில்களைக் கடந்து செல்லும் அதே சாலையில் இன்னும் சிறிது தொலைவு சென்றால் அந்தத் தண்ணீரைக் காணலாம். மலையிலிருந்து இறங்கி, பாறைகளினூடே தவழ்ந்து, ஒரு பெரிய பூங்காவின் நடுவே ஓடும் சிற்றாறு அது. மலாய் மொழியில் அதனைச் ‘சுங்கை ஆயர் தெர்ஜுன்’, அதாவது அருவியாறு என்பர். அப்பூங்காவே 1884-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பினாங்குத் தாவரவியல் பூங்காவாகும்.

மார்கழி மாதத்து விடுமுறை நாளொன்றில், மாணவர் சிலரும் பெற்றோர் சிலருமாக நாங்கள் அங்கே ஒரு பிற்பகலைக் கழித்தோம். தைப்பூசக் கூட்டம் வருவதற்கு இன்னும் நாள்கள் இருந்தன. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதை அறிந்து, எங்களுடன் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்திருந்த தாய் ஒருவர், “இத்தனை நாள் இது பணக்காரர்கள் வரும் இடம் என்றல்லவா எண்ணியிருந்தேன்!” என்றார். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை பால் வெட்டி, பிற்பகலில் வீட்டு வேலையில் மூழ்கியவர்களுக்குப் பிற்பகல் என்பது ஓய்வுப் பொழுதாக இருந்ததே இல்லை. ஆகையால் அன்று அவர் ஒரு மர நிழலில் வெறுமனே அமர்ந்திருக்கக் கற்றுக்கொள்ளவே அரை மணி நேரம் ஆயிற்று.

குளிர்காலப் பிற்பகல் என்று நூல்களில் படிக்கும்போது நம் மாணவர் பனிக்கட்டியையும் கம்பளிச் சட்டையையும் கற்பனை செய்துகொள்கின்றனர். தமிழரின் பழைய கணக்கின்படி மார்கழியும் தையும் முன்பனிக் காலமாகும். தமிழ்நாட்டில் அந்நாள்களில் விடியற்காலையில் பனி இறங்கும். பினாங்கோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் உள்ளது. சூரியன் தெற்கே வெகுதொலைவு சென்றுவிடும் டிசம்பர் இறுதியிலும், நம் தலைக்கு மேல் அது அறுபது பாகை உயரத்திற்குக் குறையாமல் உச்சிப் பொழுதில் நிற்கும். பகலின் நீளமும் பன்னிரண்டு மணிக்குச் சற்றே குறையும், அவ்வளவுதான். எனவே இங்கே குளிர்காலம் என்று ஒன்று தனியே வருவதில்லை.

ஆயினும் மார்கழிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம் அது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் அக்காற்று பெருமழையைக் கொட்டுகிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பு போல் நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் அம்மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், மேற்குக் கரையில் உள்ள நமக்கு வறண்ட நாள்கள் வருகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நனைந்து கிடந்த பினாங்கு டிசம்பரில் மெல்ல உலரத் தொடங்கி, சனவரியிலும் பிப்ரவரியிலும் நன்கு காய்ந்துவிடும். நாங்கள் சென்ற நாளில் ஆற்று நீர் கணுக்கால் அளவே இருந்தது. அடியிலிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

இங்கே கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். மாணவன் ஒருவன், “மணி பன்னிரண்டு ஆகியும் நிழல் ஏன் காலடிக்கு வரவில்லை?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1982 சனவரி முதல் நாளன்று, சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் அமையவேண்டும் என்பதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. சூரியன் எந்தச் சட்டத்திற்கும் கட்டுப்படுவதில்லை. ஆகவே பினாங்கில் மார்கழியில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணி 20 நிமிடத்தில்தான். மூன்று மணி வெயில் நம்மைச் சுடுவதும், ஏழு மணி கடந்தும் வெளிச்சம் இருப்பதும் இதனாலேயே.

பூங்காவில் மட்டும் அந்தி முன்னதாகவே வந்துவிடுகிறது. மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. தென்மேற்கே 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலை நிற்கிறது. மார்கழிச் சூரியன் அத்திசையிலேயே சாய்கிறது. ஊருக்குள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே இங்கே மலையின் நிழல் புல்வெளியின்மேல் மெல்லப் படர்கிறது. மரங்கள் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடும்போது காற்றின் வெப்பத்தையும் உடன் எடுத்துக்கொள்கின்றன. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறே. இக்காரணங்களால் ஊரின் நடுவே விசிறிக்குக் கீழ் வியர்த்தவர்கள் இங்கே வந்ததும் மேல்துண்டைப் போர்த்திக்கொள்ள நேர்கிறது. நமக்கு வாய்த்த குளிர்காலம் இதுவே என்று சிரித்துக்கொண்டோம்.

இவ்விடம் முன்பு ஒரு கற்சுரங்கமாக இருந்தது என்றால் நம்பமுடிகிறதா? மலையை உடைத்துக் கல் எடுத்த பள்ளத்தைத்தான் சார்லஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலேயர் 1884 முதல் பூங்காவாக மாற்றினார். அதற்கு முன்பும் பினாங்கில் தோட்டங்கள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்டோபர் ஸ்மித் என்பவர் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காயும் கிராம்பும் கொண்டுவந்து இங்கே வளர்த்தார். அத்தோட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1822-இல் தொடங்கிய இரண்டாம் தோட்டமும் 1834-இல் கைவிடப்பட்டது. மூன்றாவதாக எழுந்ததே இன்று நாம் காண்பது. கர்ட்டிஸ் மலைகளில் அலைந்து செடிகொடிகளைத் திரட்டியவர். நம் நாட்டுக் குன்றுகளின் முகட்டில் சாம்பல் நிறக் கூரைபோல் தோன்றும் ‘மெராந்தி செராயா’ மரத்தின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் உள்ளது. அவருக்குப் பின் முகமது ஹனிப் என்னும் மண்ணின் மைந்தர் இப்பூங்காவில் பணியாற்றினார். காட்டில் தாவரம் திரட்டுவதிலும் கிராமத்து மூலிகை அறிவைப் பதிவு செய்வதிலும் அவர் செய்த பணி பெரிது. கர்ட்டிசைப் போல் அவர் பெயர் மக்கள் நாவில் வழங்கவில்லையே என்பது எங்கள் மனக்குறை.

பூங்கா என்பது பொழுதுபோக்குக்காக மட்டும் அமைக்கப்பட்டதன்று. எந்தப் பயிர் எந்த மண்ணில் வளரும் என்று சோதித்துப் பார்க்கும் இடமாகவே ஆங்கிலேயர் அதனை முதலில் கருதினர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1877-ஆம் ஆண்டில் இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888 முதல் அங்கே இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அந்தக் கன்றுகளும் அந்த முறையும் இல்லையெனில் நம் பாட்டன்மார் கப்பலேறி இத்தனை பெருந்தொகையாக இந்நாட்டிற்கு வந்திருப்பரோ என்பது ஐயமே. இதை நாங்கள் விளக்கியபோது, முன்கூறிய தாய் அருகிலிருந்த ஒரு மரத்தின் பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அது ரப்பர் மரமன்று. ஆயினும் நாற்பது ஆண்டுகள் கித்தா மரம் வெட்டிய விரல், பட்டை எவ்வளவு கனம் என்பதைத் தானே அளந்துகொண்டது. “கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்தக் காயம் ஆறவே ஆறாது” என்றார். எங்கள் விளக்கத்தைவிட மாணவர்களுக்கு அந்தச் சொல்லே நன்கு விளங்கியது.

மாணவர்களைப் பெரிதும் கவர்ந்தது நாகலிங்க மரம். நம் சிவன் கோயில்களில் வளர்க்கப்படுவதால் இது தமிழ்நாட்டுக்கே உரிய மரம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இதன் தாயகம் தென்னமெரிக்காவின் கயானா நாட்டுப் பகுதியாகும். பிற மரங்கள் கிளை நுனியில் பூக்க, இதுவோ அடிமரத்திலேயே கயிறு கயிறாகக் கொம்பு விட்டுப் பூக்கிறது. பூவினுள் மகரந்தத் தாள்கள் ஒன்றுசேர்ந்து படம் எடுத்த பாம்புபோல் வளைந்து கவிந்திருக்கும். அதன் கீழே சிறு லிங்கம்போல் சூலகம் அமர்ந்திருக்கும். கண்ட நம் முன்னோர் அதற்கு நாகலிங்கம் என்று பெயரிட்டதில் வியப்பில்லை. இதே மரத்தைப் பார்த்த ஆங்கிலேயருக்கோ, உருண்டு திரண்ட அதன் பழுப்பு நிறக் காய்கள் கண்ணில் பட்டன. பீரங்கிக் குண்டு மரம் என்றனர்! ஒரே மரத்தில் ஒருவர் தெய்வத்தையும் மற்றவர் வெடிகுண்டையும் கண்டனர்.

இப்பூவில் தேன் இல்லை. பிறகு வண்டு ஏன் வருகிறது? மகரந்தத்தை உண்ண வருகிறது. மரமோ மிக்க நுட்பமுடையது. படத்தின் பகுதியில் உள்ள மகரந்தம் வண்டுக்கு உணவு. அது முளைக்காது. சூலகத்தைச் சுற்றி வட்டமாக உள்ள மற்றொரு வகை மகரந்தமே இனத்தைப் பெருக்க வல்லது. உணவை நாடி வண்டு தலையை நீட்டும்போது, அதன் முதுகில் அந்த நல்ல மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. விருந்துக்கு வந்தவர் அறியாமலே அவர் முதுகில் கடிதத்தை ஒட்டி அனுப்புவது போன்றது இது. காய்கள் கனத்தவை, முன்னறிவிப்பின்றி விழக்கூடியவை. ஆதலால் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிடச் சற்று விலகி நின்று பார்ப்பதே நன்று.

தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். நம் ஊர்ச் சாலையோரங்களில் குடை விரித்து நிற்பது அது. மாலை நெருங்க அதன் சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கைகூப்பிக்கொள்கின்றன. இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு புடைப்பில் நீர் நிறைந்தால் இலை விரியும், வடிந்தால் மடங்கும். அன்று இலைகள் மடங்கத் தொடங்கியதைக் கொண்டே மாணவர்கள், கடிகாரம் பாராமல், நேரம் ஐந்தைக் கடந்துவிட்டது என்று கூறினர்.

குரங்குகளின் செய்தி சற்று வருத்தமானது. இங்கே இருவகைக் குரங்குகள் உண்டு. ஒன்று, நீண்ட வாலும் துடுக்கான பார்வையும் கொண்டு, தரையில் கூட்டமாகத் திரிவது. இதன் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு ஓடிவிடும். மற்றொன்று, கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்கு. மூக்குக்கண்ணாடி அணிந்த ஆசிரியரைப் போல மரக்கிளையில் அமைதியாக அமர்ந்து இலை தின்னும். அதன் குட்டி பிறக்கும்போது பொன்னிறமாக இருக்கும். இலையைச் செரிப்பதற்கென்றே பல அறைகள் கொண்ட இரைப்பை அதற்கு உண்டு.

எங்களுள் ஒரு சிறுவன் அன்பு மிகுதியால் தன் வாழைப்பழத்தை நீள்வால் குரங்கு ஒன்றிடம் நீட்டினான். அடுத்த நொடியில் ஏழெட்டுக் குரங்குகள் சூழ்ந்துகொண்டன. பழம் போயிற்று, உணவுப் பையும் போயிற்று, பையனின் கையில் கீறலும் விழுந்தது. குரங்குகளுக்கு உணவளிக்கலாகாது என்னும் அறிவிப்புப் பலகை பத்தடி தொலைவில்தான் நின்றது. நாங்களும் அதைப் பார்த்தும் அவனைத் தடுக்கத் தவறினோம். காட்டில் பழம் தேடி உண்ணும் குரங்கு, விதைகளைத் தொலைதூரம் கொண்டுசென்று தூவிக் காட்டை வளர்க்கிறது. மனிதன் கையை எதிர்பார்த்து நிற்கும் குரங்கு அத்தொழிலை மறக்கிறது. கொடுக்காதவனைக் கடிக்கவும் துணிகிறது. பிறகு அதையே தொல்லை என்று பிடித்துச் செல்கின்றனர்.

இனி ஆற்றுக்கு வருவோம். எங்களை நெடுநேரம் பிடித்து வைத்தது அதுதான்.

ஆற்றங்கரைப் பாறைகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. பினாங்குத் தீவே பெரும்பாலும் இக்கல்லால் ஆனது. மணலை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பிடித்தால் மின்னும் துகள்கள் தெரியும். அவை அப்பாறை பொடிந்ததால் வந்தவை. மழை பெய்த மறுநாளும் மலையோடை தெளிந்து ஓடுவதற்குக் காடே காரணம். விழுந்த இலைகளும் வேர்களும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுகின்றன. காடு அழிந்த சரிவில் விழும் மழையோ மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரேயடியாகப் பாய்கிறது. 2017 நவம்பர் தொடக்கத்தில் ஓரிரவில் கொட்டிய பெருமழையில் பினாங்கு முழுதும் வெள்ளக்காடானதையும், மலைச்சரிவுகள் பெயர்ந்ததையும் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். எங்களுடன் வந்த ஒரு தந்தை, அன்றிரவு தம் பிள்ளைகளின் பாடநூல்களைத் தலையில் சுமந்துகொண்டு நின்றதாகக் கூறினார்.

பூங்காவுக்கு மேலே அருவி உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, செங்கல் வாய்க்கால் கட்டி அருவி நீரை நகருக்குக் கொண்டுசென்றனர். 1892-இல் அங்கே ஒரு நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அப்பகுதி இன்று நீர் வழங்கும் கழகத்தின் காவலில் உள்ளதால் இசைவின்றி அங்கே செல்லலாகாது. முருகன் சந்நிதியும் முற்காலத்தில் அருவியருகே இருந்து, குடிநீரைக் காக்கும் பொருட்டுப் பின்னர் இடம் மாறியதாகப் பெரியோர் கூறுவர். இன்று குன்றின்மேல் நிற்கும் புதிய கோயில் 2012-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. 1910-ஆம் ஆண்டு வாக்கில் இப்பூங்காவையே நீரில் மூழ்கடித்துப் பெரிய நீர்த்தேக்கம் ஆக்கவும் ஒரு திட்டம் இருந்தது. செடிகள் பலவற்றைச் சிங்கப்பூருக்கு அனுப்பியும் விட்டனர். ஏதோ நல்லூழ், திட்டம் நிறைவேறவில்லை. நாங்கள் அமர்ந்திருந்த புல்வெளி, நீருக்கடியில் இல்லாமல் போனதன் கதை இதுவாகும்.

இன்று பினாங்கு மக்கள் குடிக்கும் நீரில் எண்பது விழுக்காட்டிற்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடா மாநிலத்துக் காடுகளில் பிறக்கிறது. ஆகவே பினாங்கு வீட்டுக் குழாயில் வரும் நீர், கெடாவில் உள்ள யாரோ ஒருவர் ஒரு மலைச்சரிவை வெட்டாமல் விட்டதால் வருவதாகும். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், கொடிமலை, இப்பூங்கா, தெலுக் பகாங் காடு உள்ளிட்ட 12,481 எக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

மாலை ஐந்தரை மணி அளவில், நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, “இந்த ஆறு எங்கே போகிறது?” என்று கேட்டாள். விடை கூறினோம். இது கீழே இறங்கி ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்கிறது. சேர்ந்தபின் அதன் பெயர் சுங்கை பினாங்கு. அது நகரின் நடுவே ஓடிக் கடலில் கலக்கிறது. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பு ஆறா?” என்றாள்.

ஆம், அதே ஆறுதான். சுங்கை பினாங்கு நெடுங்காலமாக நாட்டின் மிக மாசடைந்த ஆறுகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டு வந்தது. நீர் கறுப்பதற்குக் காரணம் உண்டு. உணவுக் கழிவும் எண்ணெயும் சாக்கடையும் ஆற்றில் சேரும்போது நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு பெருகுகின்றன. பெருகும் உயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. உயிர்வளி இன்றி மீன் சாகிறது. அதன்பின் உயிர்வளி தேவைப்படாத வேறு நுண்ணுயிர்கள் அடிச்சேற்றில் குடியேறி, அழுகிய முட்டை நாற்றமுடைய வளியை வெளிவிடுகின்றன. சேறு கறுப்பாகிறது. மலையில் பாறைமேல் மோதி நுரைத்து வரும் ஓடை, ஒவ்வொரு மோதலிலும் காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. சமவெளியில் அந்த வாய்ப்பும் குறைவு. அரசும் நகராண்மையும் தூர்வாரியும் கரை கட்டியும் அதனைத் தூய்மைப்படுத்த முயன்று வருகின்றன. ஆனால் பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றும் கை எந்த வீட்டில் உள்ளது என்று கேட்டால், எங்களுள் பலர் தலை குனிந்தோம். அன்று காலை, வடை சுட்ட எண்ணெயை எங்கே ஊற்றினோம் என்று நினைவு வந்தது.

மாணவி மறுபடி கேட்டாள்: “இங்கிருந்து அங்கே போக ஆற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” தொலைவோ சில கிலோமீட்டர்தான். நீர் நடக்கும் வேகம் மனிதன் மெல்ல நடக்கும் வேகம் என்று கொண்டால், அன்றிரவு அவள் உறங்குமுன் அந்த நீர் அவள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். கேட்டதும் அவள் ஓடிச்சென்று, கீழே விழுந்து கிடந்த நாகலிங்கப் பூவின் இதழ் ஒன்றை எடுத்துவந்து ஆற்றில் விட்டாள். தடித்த இதழ் அது, ஓடம்போல் மிதந்தது. இரண்டு பாறைகளுக்கிடையே சிறிது சுழன்று, வழி கண்டு, வாயிலருகே உள்ள பாலத்தின் கீழ் நுழைந்தது. மாணவர் அனைவரும் பாலத்தின் மறுபக்கம் ஓடினர். இதழ் வெளியே வந்ததும் ஆரவாரம் செய்தனர்.

மலைநிழல் பூங்கா முழுதும் மூடிவிட்டது. சிள்வண்டுகள் ஒலிக்கத் தொடங்கின. பேருந்து ஏறும்போது அந்தத் தாய், கட்டி வந்திருந்த நெகிழிப் பைகளை எண்ணிச் சரிபார்த்தார். ஒன்று குறைந்தது. பேருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கித் திரும்ப நடந்தார். ஆற்றோரத்துக் கல்லிடுக்கில் அது கிடந்ததாம்.